கம்பு பிடுங்கிய ராசையா

எண்ணூர்க் கழியோரத்தில் அந்தக் காலத்தில் மூன்று ராசையாக்கள் இருந்தார்கள். ஒருவர் நெட்டை ராசையா. ஒருவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை பார்த்த ரயில் ராசையா. மூன்றாமவரை வெறுமனே பெரியவர் என்றுதான் குப்பமே கூப்பிட்டது. ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக்குப் பிறகுதான் அவர் கம்பு பிடுங்கிய ராசையா ஆனார். பெயர் வைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் கம்பைப் பிடுங்கியது அவர் ஒருவரா? குப்பத்து ஆம்பிளைகள் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஹை ஹை என்று சேர்ந்துதான் பிடுங்கினார்கள். பழி மட்டும் அவர் தலையில் வந்து விடிந்தது.

குப்பத்துக்கு வடக்கே கழியிலிருந்து பிரிந்து போகிற கிளைக்குச் சிப்பி ஓடை என்று பெயர். மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் திறந்தால், தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் இறால் அந்த ஓடைக்குள்தான் வந்து சேரும். ஓடையோ ஒடுக்கம். ஆறு வலைக்கு மேல் இடம் கிடையாது. வீடுகளோ முப்பது. அதனால் முறை வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஐந்தாம் நாள் முடிந்தால் மறுபடியும் முதல் ஆறு வீடு. இதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு யார் பாடு என்று காலையில் ராசையா சொல்லுவார்; அவர் சொன்னால் சொன்னதுதான். இருபது வருஷத்தில் ஒரு கைகலப்பு கிடையாது. இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் மனசுக்குள் இருந்தது. வெளியே கண்ணுக்குத் தெரிந்தது, வலை கட்டுவதற்காக ஓடையில் நட்டிருந்த பன்னிரண்டு சவுக்குக் கம்புகள் மட்டும்தான்.

அந்த முப்பதில் ஒரு வீடு அவருடைய தங்கை கன்னியம்மாவுடையது. புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான், இரண்டும் பெண் குழந்தைகள். ஆம்பிளை இல்லாத வீடு என்று யாரும் அவளுடைய பாட்டைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவள் முறை வருகிற நாளில் ராசையாவே போய் வலை கட்டிவிட்டு வருவார், இறால் முழுக்க அவளுக்கு. அதை விற்றுத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஓடையில் வலை இறங்காது. கடலிலிருந்து மீன் குஞ்சுகள் உள்ளே வந்து ஒதுங்குகிற காலம் அது. குஞ்சை விட்டால்தான் மீன் என்று அவர்களுக்கு எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை. வலையைக் கழற்றிவிடுவார்கள், கம்பு மட்டும் நின்றபடியே நிற்கும்.

ஐம்பத்திரண்டு பங்குனியில், இறால் வாங்க வருகிற ராயபுரத்து வியாபாரி அப்துல் வஹாப் ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் பேப்பர் படிப்பவர். நாட்டுக்கே ஐந்து வருஷத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். நெல் விளைவிப்பதுபோல மீனையும் வளர்க்கப் போகிறார்களாம். உப்பங்கழியில் ஆராய்ச்சி நடத்த, சித்திரையில் எண்ணூருக்கே ஆபீசர் வரப்போகிறாராம். அத்தோடு நிறுத்தியிருந்தால் தேவலை. குஞ்சு பிடிக்கிறவர்களுக்கு அபராதம் போடச் சட்டம் வருகிறது என்றும் எங்கேயோ படித்ததைச் சொல்லிவைத்தார். மனுஷர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது கால்வாசி, குப்பத்தில் சேர்த்துக்கொண்டது முக்கால்வாசி. ஓடையில் கம்பு நின்றாலே போலீசு வரும் என்கிற அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டது.

ராசையா கணக்குப் போட்டுப் பார்த்தார். வருகிறவர் படித்த ஆபீசர். குஞ்சுக் காலத்தில் கம்பைப் பார்த்தால் குஞ்சைத்தான் வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்? வருஷா வருஷம் இந்த இரண்டு மாதமும் ஒரு குஞ்சைக்கூடத் தொடாதவர்களுக்குக் கெட்ட பெயரா? ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், பன்னிரண்டு கம்பையும் பிடுங்கிக் கரையில் அடுக்கச் சொல்லிவிட்டார். ஓடையில் மிதந்த பாசி, மட்டை எல்லாவற்றையும்கூட வாரி எடுத்தார்கள். கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது ஓடை.

ஒருத்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"கம்ப ஏண்ணே புடுங்குற? அது இன்னா சோறா கேக்குது, சொம்மா நின்னுகினு கீது," என்றாள் கன்னியம்மா.

இரண்டு நாள்தானே, ஆபீசர் போனதும் நட்டுவிடலாம் என்று அவளைச் சமாதானம் பண்ணினார் ராசையா.

வந்த ஆபீசரின் பெயர் தேவப்பிரியம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடி. விறைப்பாக வந்து நாற்காலி கேட்பார் என்று எதிர்பார்த்தால், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். குப்பமே அசந்துபோனது. ராசையா ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஓடைத் தண்ணீரை மொண்டு காட்டினார். தண்ணீர் நிறத்திலேயே உடம்பு, இரண்டு கறுப்புக் கண் மட்டும் ஓடுகிறது: பால் கெண்டைக் குஞ்சு. ஆபீசர் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதை எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையில் ராசையா விழுந்துவிட்டார். எந்தப் பருவத்தில் குஞ்சு வரும், எந்த மூலையில் ஒதுங்கும், தண்ணீர் எங்கே எவ்வளவு ஆழம், ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று நாளும் கூடவே அலைந்தார். நண்டுக் குழம்பும் சோறும் அவர் வீட்டில்தான்.

மூன்றாம் நாள் கிளம்புகிற நேரத்தில் தேவப்பிரியம் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்:

"இந்த ஓடையில யாராவது வலை கட்டுறாங்களா, ராசையா?"

"இல்ல சார். ஒரு கம்பு கூட கெடியாது, நீங்களே பாத்துக்கோங்க."

சொல்லும்போது அந்த மனுஷருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் ஆட்கள் குஞ்சைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்ட பெருமை. ஆபீசர் எழுதிக்கொண்டார், கையைப் பிடித்துக் குலுக்கினார், போய்விட்டார். மறுநாளே கம்பை எல்லாம் பழையபடி நட்டாகிவிட்டது. அடுத்த தையில் இறாலும் வந்தது, பாடும் நடந்தது. ஆபீசர் வந்துபோனதையே குப்பம் மறந்துவிட்டது.

ஐம்பத்து மூன்று ஆவணியில் லாரி வந்தது. மண்வெட்டியும் கூடையுமாக ஐம்பது கூலியாட்கள் இறங்கினார்கள். ஓடை வாயை மறித்துக் கரை போட்டார்கள், நடுவில் மதகு வைத்தார்கள். குறுக்கே நின்ற பன்னிரண்டு கம்பையும் பிடுங்கி, அன்று மத்தியானம் அடுப்புக்கு விறகாக்கிச் சோறு பொங்கினார்கள். உப்பங்கழி மீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம், உள்ளே நுழைவது குற்றம் என்று ஒரு பலகையும் முளைத்தது.

ராசையா பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு ஓடினார். தேவப்பிரியம் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து உட்காரவைத்தார், காப்பி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பைலை எடுத்துத் தாமே எழுதிய அறிக்கையைத் தமிழில் சொன்னார். ஓடையில் நேரில் பார்த்தவரை வலையோ கம்போ கிடையாது. யாரும் மீன் பிடிப்பதில்லை என்று குப்பத்துப் பெரியவர் ராசையாவே சொன்னார். குஞ்சுகள் தொந்தரவு இல்லாமல் ஏராளமாக இருக்கின்றன. ஆகவே இந்தத் திட்டத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

"முறை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையும் எழுதியிருப்பேனே, ராசையா," என்றார் தேவப்பிரியம்.

குஞ்சைக் காப்பாற்றியதால்தான் ஓடை போயிற்று என்றால் யாரிடம் போய் அழுவது? திட்டலாம் என்று பார்த்தால் எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷரும் நல்லவராகத் தொலைந்துவிட்டார்.

தேவப்பிரியம் சும்மா இருக்கவில்லை. தாம் எழுதியதில் பிழை இருக்கிறது என்று மேலே கடிதம் எழுதினார். எந்த ஆபீசர் அப்படி எழுதுவார்? மேலேயிருந்து பதில் வந்தது. திட்டம் டில்லி வரைக்கும் போய் மஞ்சூராகிவிட்டது, வாய்மொழியாகச் சொல்லுகிற உரிமையை இனி ஏற்க முடியாது, எழுத்தில் அத்தாட்சி உண்டா? அத்தாட்சி எங்கே இருக்கிறது, கூலியாட்களின் அடுப்பில்தான் எரிந்துபோயிற்று. நாலு மாதத்தில் தேவப்பிரியத்தையும் தெற்கே மாற்றிவிட்டார்கள். அப்துல் வஹாப் தம் பங்குக்கு மூன்று மனு எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்றுக்கும் ஒரே பதில்.

குப்பத்தில் ராசையாவை யாரும் அடிக்கவில்லை, வையவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை என்றிருக்கும் அவருக்கு. தை பிறந்தது. காலையில் அவர் எப்போதும்போல எழுந்து வாசலில் வந்து நின்றார். இன்றைக்கு யார் பாடு என்று கேட்க ஒருவரும் வரவில்லை. இளவட்டங்கள் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார்கள், சில பேர் உப்பளத்துக்கு. வெயில் ஏறுகிறவரைக்கும் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் திட்டத்துக்காரர்கள் உள்ளூர் ஆள் ஒருவரைக் காவலுக்குத் தேடினார்கள். நல்ல எண்ணத்தோடு தேவப்பிரியம் போவதற்கு முன்னால் ராசையா பெயரை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். செத்தாலும் அந்தக் காக்கிச் சட்டையைப் போடமாட்டேன் என்றார் ராசையா. கன்னியம்மாதான் விடவில்லை. நம் ஓடையை வேறு எவனோ காவல் காப்பதற்கு நீ காத்தால் என்ன, இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா என்று கேட்டாள். அவள் பெண்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு மாமனையே பார்த்தார்கள். போட்டுக்கொண்டார்.

காவலுக்குச் சட்டம் இருந்தது. கரைக்குள் இறங்கி யார் எதைப் பிடித்தாலும் சாமானைப் பறிமுதல் செய்ய வேண்டும், பெயரை எழுத வேண்டும். மூன்றாம் தடவை மாட்டினால் போலீசு. கூத்து என்னவென்றால், திட்டம் பால் கெண்டைக்குத்தான். ஆனால் மதகு திறக்கும்போதெல்லாம் இறாலும் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு யார் திட்டம் எழுதினார்கள்? அது பாட்டுக்கு வளர்ந்தது, வெயில் தாங்காமல் கரையோரம் செத்தும் ஒதுங்கியது. காக்கை தின்னலாம், குப்பத்துக்காரர்கள் தொடக்கூடாது.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. காவல் சம்பளம் இரண்டு வீட்டுக்கும் போதவில்லை. ஐம்பத்தாறு தையில் கன்னியம்மாவின் பெரிய பெண் காய்ச்சலில் விழுந்தாள். ஆசுபத்திரிக்கு அலைய வேண்டும், பால் வாங்க வேண்டும். கன்னியம்மா ஓடையில் இறங்கினாள். வலை எதுவும் இல்லை. சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பாள், அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது கைவந்த வேலை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பனையோலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அப்படி இரண்டு தடவை வெளியூரிலிருந்து வந்த இன்னொரு ஷிப்டுக் காவல்காரனிடம் மாட்டிப் பெயர் எழுதப்பட்டாள். ராசையா தம்முடைய முறையில் எத்தனையோ தடவை பார்த்தும் மதகுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூன்றாம் தடவை அவளைப் பார்த்தது கரைமேல் சைக்கிளில் வந்த புது ஓவர்சியர். பார்த்த இடத்திலிருந்தே, யாரது அங்கே, காவல்காரா என்று கத்தினார். ராசையா கரையில் இறங்கி நின்றார். கன்னியம்மாவே மேலே வந்தாள், உடம்பெல்லாம் சேறு. பறியை வாயிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாண்ணே, புடி. அந்தாளு பாத்துகினு கீறான்."

ராசையா மதகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கிக்கோண்ணே. ஒனக்கும் வேல பூட்டா கொழந்திங்களுக்கு யாரு கீறாங்க?"

வாங்கிக்கொண்டார். உள்ளே இறால் துள்ளிக்கொண்டிருந்தது.

ஓவர்சியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை என்றார். தெரிந்தவளா என்று கேட்டார். என் கூடப் பிறந்தவள் என்று ராசையா சொன்னதும் அந்த மனுஷர் நோட்டை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். இரண்டு தடவை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, நம்பர் போட்ட நோட்டு, கிழிக்கவும் முடியாது, நான் என்னய்யா செய்யட்டும் என்றார். பிறகு எழுதினார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியது காவல்காரனின் வேலை.

திருவொற்றியூர் ரோட்டில் இருவரும் நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அண்ணன் தன்னை இழுத்துப்போவதாகப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றக்கூடாது என்று கன்னியம்மா நாலடி முன்னாலேயே நடந்தாள். சின்னவளுக்குச் சோறு பானையில் இருக்கிறது, பெரியவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடு, மருந்து மாடத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். ராசையா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். ரோட்டில் அழ வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் பறியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். கன்னியம்மாவை மூலையில் உட்காரச் சொன்னார். காகிதத்தை எடுத்துப் பேனாவை உதறிக்கொண்டு, புகார் கொடுக்கிறது யார் என்று கேட்டார்.

ராசையா தங்கையைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள், சொல்லு என்று.

"நான்தான் சார்," என்றார் ராசையா.