கிண்டி வரை கேட்டவன்

போன செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலிலேயே வாட்ச்மேன் கையை ஆட்டி என்னை நிறுத்தினார். "அண்ணா, உங்க வூட்லேர்ந்து போன் வந்துச்சு. உங்க காலனி புரொபசர் பூட்டாராம். ஒடனே கெளம்பி வரச் சொன்னாங்க." நான் உடனே கிளம்பவில்லை. உள்ளே போய் என் அட்டையை எடுத்து நேரத்தைக் குத்தினேன். குத்திய பிறகுதான் உறைத்தது. வெட்கத்தோடு அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு கிண்டி ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

விலங்கியல் பேராசிரியர் தணிகாசலம் சார் காலமானார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். அவருடைய மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள் உமாதான் பக்கத்தில் இருந்தாள். காலனி மலரில் சாரைப் பற்றி எழுதச் சொல்லி சங்கத்தார் என்னைக் கேட்டதற்குக் காரணம், அவருக்கு மிகவும் நெருங்கியவன் நான் என்று அவர்கள் நினைப்பதுதான். நெருங்கியவன்தான். அவர் குடும்பத்துக்கு என்னைவிடக் கெடுதல் செய்தவர் யாரும் இந்தக் காலனியில் இல்லை என்பதும் உண்மைதான். அதையும் எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் பம்ப் கம்பெனி ஃபிட்டர். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் பிடித்தவன். சார் நகரத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியார். எண்பதுகளின் நடுவில் இரண்டு பேரும் தாம்பரத்தில் ஒரே எலெக்ட்ரிக் வண்டியில் ஏறுவோம். எங்களோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் வேலுவும் வருவார். நான் கிண்டியில் இறங்க வேண்டும். சார் நுங்கம்பாக்கம் வரை போவார். மற்ற பெட்டிகளில் சீட்டு ஆடினார்கள், பஜனை பாடினார்கள். எங்கள் பெட்டியில் சார் மனித குலத்தின் எதிர்காலத்தைச் சொல்வார்.

ஒருநாள் எனக்குக் காலம் கடந்து ஞானப்பல் முளைத்து தாடை வீங்கியிருந்தது. சார் என் வாயைத் திறக்கச் சொல்லி, குரோம்பேட்டை வந்ததுகூடத் தெரியாமல் எட்டிப் பார்த்தார். "இந்தப் பல்லுக்கு இனிமே வேலை இல்லைய்யா. நாம வேகவெச்சுச் சாப்பிட ஆரம்பிச்சதும் தாடை சின்னதாயிடுச்சு. பல்லுக்கு இன்னும் சேதி போகலை. பின்னால வர்றவங்களுக்கு இது முளைக்காமலே போனாலும் போகும்."

வேலு விடுவாரா? "அப்போ சார், இன்னும் ஆயிரம் வருசம் கழிச்சுப் பொறக்கிறவனுக்கு வாயே இருக்காதா? நிம்மதி சார். எங்க வூட்டுக்காரிக்கு அது இப்பவே ஆரம்பிச்சாத் தேவலை."

"வாய் இருக்கும் வேலு. கண்ணுதான் சந்தேகம். முன்னெல்லாம் கண் தெரியாதவன் புலி வாயில போயிடுவான். இப்ப கண்ணாடி போட்டுக்கிட்டுக் கல்யாணம் பண்ணிக்கிறான்." தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சார் சிரிப்பார். "என்னையே பாரேன்."

அவருக்குப் பிடித்த பேச்சு ஒன்று உண்டு. ஒரு காலம் வரும், ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்து ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பார். "அன்னைக்கு ஜாதகக் கட்டைத் தூக்கிக் குப்பையில போடலாம். அதைவிட முக்கியம், ஜாதி ஒழியும். உசத்தின்னு சொல்லிக்கிறவன் சீட்டையும், இவன் தாழ்ந்தவன்னு அவன் சொல்றவனோட சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, எல்லாம் ஒரே கலப்படம்னு கறுப்பு வெள்ளையில தெரியும். மனுஷன் வெட்கப்பட்டுத் திருந்துவான்." இதைச் சொல்லும்போது அவர் முகம் குழந்தை மாதிரி இருக்கும். எனக்குப் பாதி புரியும். புரிந்த பாதியைச் சாயங்காலம் கம்பெனி கேன்டீனில் என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிடுவேன். நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். என்னை 'சயின்டிஸ்ட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சாரின் தங்கை மாடம்பாக்கத்தில் இருக்கிறார். அவருடைய மகன் பாபுவுக்கு முதல் பால்பல் விழுந்தபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறையாத நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மறுவாரம் வண்டியில் சார் அதை எங்களிடம் மறைக்காமல் சொன்னார். பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் கட்டம் போட்டு விளக்கினார்.

"இது என் அம்மா வழியா வந்தது. பொண்ணுங்ககிட்ட ஒரே பாடம் ரெண்டு நோட்டுல இருக்கும். ஒண்ணுல பிழை இருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். அதனால என் அம்மாவுக்கும் ஒண்ணுமில்லை, தங்கச்சிக்கும் ஒண்ணுமில்லை. ஆனா அந்தப் பிழையான நோட்டு பிள்ளைக்குப் போயிட்டா, ஆம்பளைப் பிள்ளைகிட்ட இருக்கிறது அந்த ஒரே நோட்டு. அவன் மாட்டிக்கிறான். இனிமே என் கதைக்கு வரேன்..."

கிண்டி வந்துவிட்டது. நான் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். தெரிந்துகொண்டோம் என்ற திருப்தியோடுதான் குதித்தேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து உமாவுக்குச் செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. உமா அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பையன் இன்ஜினீயர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் பெரியப்பாவும் மாமாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி காபி கொடுத்தாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாரைப் புகழ்ந்து தள்ளினேன்.

பெரியப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்: "குடும்பத்துல எல்லாரும் ஆரோக்கியம்தானுங்களே?"

சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். சயின்டிஸ்ட்டால் முடியுமா? "சாரோட நேர்மையைச் சொல்றேன் கேளுங்க. தங்கச்சி பையனுக்கு ரத்தம் உறையாத வியாதி. அதைக்கூட எங்ககிட்ட மறைக்காம ரயில்ல பாடம் எடுத்தார். இது விசித்திரமான வியாதிங்க. அந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க வழியா வரும். அவங்களை ஒண்ணும் பண்ணாது. அவங்களுக்குப் பொறக்கிற ஆம்பளைப் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும்."

சமையலறையில் கரண்டி விழுந்தது. அது தவறி விழவில்லை என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை. பெரியப்பா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்லதுங்க" என்று எழுந்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் என் மனைவி வெளியே வந்தாள். "உங்க வாய்க்குத் தாழ்ப்பாளே கெடையாதா? ஒரு பொண்ணோட வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்களே!"

"நான் நல்லதாத்தானேடி சொன்னேன்?" என்றேன். உண்மையில் அப்படித்தான் நம்பினேன்.

பத்து நாளில் செங்கல்பட்டிலிருந்து கடிதம் வந்தது. ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டியதில் பொருத்தம் இல்லையாம். குப்பைக்குப் போகும் என்று சார் சொன்ன அதே ஜாதகம்தான் அவர்களுக்குச் சாக்காகக் கைகொடுத்தது. அடுத்து வந்த வரன்களும் பெண் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. விஷயம் பரவிவிட்டது. நம் காலனியிலேயே மூன்று பேர் என்னிடம் வந்து, "நெசமா கோவிந்தன்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களில் ஒருவராவது சாரிடம் நேரில் போய்க் கேட்கவில்லை. நானும் போகவில்லை.

சார் அதே வண்டியில், அதே இடத்தில் உட்கார்ந்து வந்தார். பேச்சு மட்டும் மாறியது. ஒருநாள் வேலுதான் வாயைக் கிளறினார். "இன்னா சார், அந்தச் சீட்டு எப்போ வரும்? ஜாதி எப்போ போவும்?"

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "சீட்டு வரும் வேலு. ஜாதி போகாது. புதுசா ஒண்ணு சேரும். வேலைக்குப் போனா சீட்டைக் கேப்பான். வாடகைக்கு வீடு கேட்டா சீட்டைக் கேப்பான். வசதி இருக்கிறவன் தன் பிள்ளையோட சீட்டைப் பொறக்கிறதுக்கு முன்னாலயே திருத்தி வாங்கிப்பான். இல்லாதவன் பிள்ளை, பிழை உள்ளவன்னு ஒரு தெருவுல ஒதுங்கும். சீட்டு பொய் சொல்லாது. படிக்கிறவன் பாதியைப் படிச்சுட்டு எழுந்து போயிடுவான்."

வேலு சிரிக்கவில்லை. நான் கிண்டி வரும் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன்.

தொண்ணூறில் என் மகள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உங்களைப் பத்தி விசாரிக்கணும்னு அந்தப் புரொபசர் வீட்டுக்குத்தான் போனோம். 'தங்கமான குடும்பம், தயங்காம செய்யுங்க'ன்னுட்டாரு. அப்புறம் நாங்க வேற எங்கயும் போகலை."

நான் இலையை மூடினேன். என் அப்பாவுக்கு வலிப்பு உண்டு. அதை நானே வண்டியில் சாரிடம் சொல்லியிருக்கிறேன். மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். செங்கல்பட்டுக்காரர்களிடம் உளறியது நான்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா" என்றார் சார்.

"அப்புறம் ஏன் சார் எங்க அப்பாவோட வலிப்பைப் பத்திச் சொல்லலை?"

"எப்படிப்பட்ட குடும்பம்னு கேட்டாங்க. நல்ல குடும்பம்னு சொன்னேன். அதுல என்ன பொய்?" ஒரு தாளைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். "உக்காரு. இப்பவாவது முழுசாக் கேளு. எனக்கு இருக்கிறதும் ஒரே நோட்டுதான். அதுல பிழை இருந்திருந்தா எனக்கே அந்த நோய் வந்திருக்கும். வரலை. அப்ப என் நோட்டு சுத்தம். உமாவுக்கு நான் கொடுத்தது அந்தச் சுத்தமான நோட்டைத்தான். என்கிட்ட இல்லாததை அவளுக்கு எப்படிய்யா கொடுப்பேன்?"

உமாவுக்கு எந்தக் குறையும் இல்லை. அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வழியில் வரப்போவதில்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். கிண்டி வந்துடுச்சு."

"நான் நாளைக்கே செங்கல்பட்டுக்குப் போறேன். எல்லார்கிட்டயும் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்வே? பிழை சார் கிளையில இல்லை, அவர் தங்கச்சி கிளையிலதான்னு சொல்வே. தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. என் மகளைக் கழுவிவிட அந்தப் பொண்ணுங்க மேல அழுக்குத் தண்ணியை ஊத்தணுமா? உமாகிட்டயும் கேட்டேன். வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. விடுய்யா."

அன்று அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. காபி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். செங்கல்பட்டுப் பையன் அதற்குள் வேறு பெண்ணைக் கட்டியாயிற்று. அதன் பிறகு உமாவுக்கு வரனே வரவில்லை. தங்கையின் பெண்கள் இருவரும், தெரிந்து ஏற்றுக்கொண்ட இரண்டு நல்ல மனிதர்களுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். அந்த இரண்டு கல்யாணத்திலும் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றது உமாதான்.

இதை எழுதலாமா என்று முந்தாநாள் அவளிடம் கேட்டேன். "அத்தை பொண்ணுங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, எழுதுங்க அங்கிள்" என்றாள். "அப்பா எதுக்குப் பேசாம இருந்தார்ங்கிறதையும் சேத்து எழுதுங்க. எனக்கு மாப்பிள்ளை தேடுறதுக்காக மட்டும் எழுதாதீங்க."

இனி மயானத்தில் நடந்ததைப் பற்றி. கொள்ளி வைக்கப் பாபு முன்வந்தான். இப்போது அவன் இளைஞன். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து ஒரு கால் மடங்காது. கொள்ளி வைப்பவர் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் கல்லின் மேல் போய் உட்கார்ந்துவிட்டான். நாவிதர் கத்தியை எடுத்தவர் தயங்கினார். "தம்பி, கீறல் பட்டா இன்னா ஆவும்னு சொல்றாங்களே?"

"பரவாயில்ல, போடுங்க. என் மாமாவுக்குத்தானே."

பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கம் இல்லை. உமா வந்திருந்தாள். "எழுந்திருடா பாபு" என்றாள். "அப்பா உன்னைப் பத்திரமாப் பாத்துக்கிட்டது இதுக்கா?"

ஒரு பெரியவர் தலையிட்டார். "பொண்ணு கொள்ளி வைக்கிறது நம்ம வழக்கத்துல இல்லம்மா. காலாகாலத்துல மாப்பிள்ளைன்னு ஒருத்தர் வந்திருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்லை."

என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்ட மூவரும் அங்கே இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. உமா மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. நேரம் என்ன என்று கேட்பவள் போலப் பார்த்தாள். பிறகு பெரியவரிடம், "வரலைங்க. சட்டியைக் குடுங்க" என்றாள்.

ஒரு கையில் நெருப்புச் சட்டி. இன்னொரு பக்கம் தாங்கித் தாங்கி நடக்கும் பாபு. அவன் நடைக்காக அவள் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். அதனால் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும், நல்ல கால்கள் இருந்தும், மெதுவாகவே நடக்க வேண்டியிருந்தது.

போய்ச் சேருங்கள் சார். இந்தத் தடவை நான் கடைசி வரை வந்தேன். அதனால் உங்கள் மகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.