இருபத்துநாலுக்குக் கீழே

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஞ்சாபகேசன் எங்கள் மாடிப்படியில் ஏறுகிறார். எங்கள் என்பது பேச்சுக்குத்தான். வீடு அவருடையது, மாடியில் குடியிருப்பவன் நான். விடிவதற்கு முன் என் சமையலறை ஜன்னலைத் தாண்டி அவர் மொட்டைமாடிக்குப் போகாத நாள் கிடையாது. ஒரு படி சற்று ஆடும், அதை மிதிக்காமல் தாண்டிவிடுவார். கீழே தூங்கும் மனைவி சாவித்ரி விழித்துவிடக் கூடாதாம். மேலே தூங்குகிறவன் விழித்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

மொட்டைமாடியில் பழைய ஜன்னல் பலகைகளைக் கொண்டு அவரே அடித்த மரப்பெட்டி ஒன்று, வெள்ளை பெயிண்ட் பூசி, நான்கு கால்களில் நிற்கிறது. புறாக்கூண்டா என்று கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உள்ளே தொங்குவது கண்ணாடி தெர்மாமீட்டர். ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் லேப் உதவியாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை வேண்டாம் என்று சொல்லி இதைக் கேட்டு வாங்கிவந்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு படிப்பார். விலகி வந்த பிறகுதான் மூச்சு விடுவார். ஒருநாள் நானும் ஆர்வக் கோளாறில் தலையை நீட்டினேன்.

"கிட்ட வராதேயும் ஓய். மூச்சு பட்டா ஏறிடும். அப்பறம் அது தணுப்போட கணக்கு இல்லை, உம்மோட கணக்காக்கும்."

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குளிருக்குக் காத்திருப்பவர்களை இலவு காத்த கிளிக்குச் சொந்தக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே இருபத்திரண்டு டிகிரிக்கு வந்துவிட்டாலே கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பாதிப் பேர் காதில் மப்ளர் சுற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் இப்படிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர் 'தணுப்பன்மார்', அதாவது குளிர்க்காரர்கள். பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் ஷெமி என்ற பெண்தான் அதை நடத்துகிறாள். அமெரிக்காக்காரன் கணிப்பு, ஐரோப்பாக்காரன் கணிப்பு என்று நாள் முழுக்கப் படங்கள் வந்து விழும். எவன் அதிகக் குளிர் சொல்கிறானோ அவன் கெட்டிக்காரன், மற்றவனுக்கு ஒன்றும் தெரியாது. போன வருஷம் இவர்கள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கினார்கள். வந்தது மழை.

அந்தக் குழுவில் பஞ்சாபகேசன் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. அவர் மட்டும் குளிர் வருகிறது என்று எளிதில் சொல்லமாட்டார். இழுப்பார், பார்ப்போம் என்பார், மேகம் வரலாம் என்பார். அனுபவசாலியின் நிதானம் என்று அவர்கள் கொண்டாடினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது நிதானம் இல்லை, பயம் என்பது இந்த மாசி மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

சாவித்ரி மாமிக்கு இழுப்பு உண்டு. நல்ல நாளில் கரமனைக் கடைத்தெரு முழுக்க நடந்து, பேரம் பேசி, வாழைப்பூவோடு திரும்பி வருவார். கரமனையாற்று மூடுபனியோடு குளிரும் சேர்ந்துகொண்டால் கட்டிலை விட்டு எழ முடியாது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு காலையில், மாடியிலிருந்து குதித்தோடி வந்த மனுஷர், பத்தொன்பது, பத்தொன்பது என்று லாட்டரி விழுந்ததுபோல் கத்தியிருக்கிறார். மாமி கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை. தூசியாக இருக்கலாம், பனியாக இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம் என்று டாக்டர் பட்டும் படாமலும் சொல்லிவிட்டார். பஞ்சாபகேசனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தன் வாயிலிருந்து வந்த எண்தான் அவள் நெஞ்சை அடைத்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் வெப்பநிலை இருபத்துநாலுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஊருக்கு ஒரு எண், மாமிக்கு ஒரு எண். மாமியும் இருபத்துநாலைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டார். அதற்குக் கீழே போனால் தனக்கு ஆகாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். போனில் பார்க்கலாமே என்று ஒருமுறை நான் அசட்டுத்தனமாகக் கேட்டதற்கு, "அது ஏர்போர்ட்டுத் தணுப்பாக்கும். நம்மாத்துத் தணுப்பு இவருக்குத்தான் தெரியும்" என்றார். அத்தனை நம்பிக்கை.

இந்த மாசியில் எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே வார்த்தையாகக் குளிர் என்றார்கள். மேகமில்லாத வானம், மலைக் கணவாய் வழியே உலர்ந்த காற்று. ஷெமி மூணாறுக்கு வேன் பிடித்துவிட்டாள். அங்கே புல் வெள்ளையாக உறையுமாம், ஜன்னலோர இருக்கை பஞ்சாபகேசன் மாமாவுக்காம். உறைபனியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயசு ஆசை. பார்த்துவிட்டு வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, மிதித்தால் சத்தம் வருமா, வாசனை உண்டா என்றெல்லாம் விசாரிப்பார். வேன் கிளம்பும் நாள் நெருங்கியதும் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். ஆடும் படியை அலாக்காகத் தாண்டுகிற முழங்கால்.

அன்று மாலை படியில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டோக்கார வேலப்பனுக்குப் போன் போட்டு, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் கூட்டமா என்று கேட்டார். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வேலப்பன் எடுப்பானா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் போன். கீழே ஜன்னல் இடுக்குகளில் பழைய வேட்டித் துணி திணித்திருந்தது. மூச்சு மருந்துக் குப்பி தலையணைக்கடியில் ஒன்று, பூஜை அலமாரியில் ஒன்று, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. சட்டைப் பையிலிருந்த நாலாவதை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்துக்கொண்டே அவராகவே சொன்னார்:

"பேடி, பயமாக்கும் ஓய். எல்லாருக்கும் தணுப்பு வந்தாத்தான் தெரியும். எனக்கு நாலஞ்சு நாள் முந்தியே தெரிஞ்சுபோறது. அத்தனை நாளும் அவ மூச்சையே கேட்டுண்டு கிடக்கேன்."

படங்களைப் பார்க்காமல் இருந்துவிடுங்களேன் என்றேன். பார்க்காவிட்டால் மட்டும் வராமல் போகுமா என்று கேட்டார். அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கீழேயிருந்து ஒரு இருமல் கேட்டாலும் பாதிப் படிவரை இறங்கி நின்று காது கொடுத்தேன்.

சனிக்கிழமை விடியலில் அவர் படியேறும் சத்தம் கேட்டதும் நானும் கூடவே போனேன். தரை உள்ளங்காலைச் சுட்டது, அப்படிக் குளிர். அவர் சட்டைப் பையில் போன் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. மூணாற்றிலிருந்து வரும் படங்கள்: உப்புத் தூவியது போன்ற புல்வெளி, உள்ளங்கையில் வெள்ளைத் துணுக்கை ஏந்திச் சிரிக்கும் ஷெமி. ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்தார். மூச்சை அடக்கினார். நெடுநேரம் படித்தார்.

பிறகு என்றும் இல்லாத வழக்கமாக என்னைக் கிட்டே கூப்பிட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். பதினெட்டு. இந்த மொட்டைமாடி கண்ட கடுங்குளிர் அதுதான் என்று அவர் முகமே சொல்லியது. பள்ளிக்கூடப் பையன் முகம் அது.

கீழே படியடியில் வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அதன் பிறகு மாமியின் குரல், விட்டு விட்டு வந்தது.

"ஏன்னா, பால்காரி நடுங்கிண்டு போறா. மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னா? எத்தனைன்னு வாயால சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துண்டு வந்து காட்டுங்கோ."

முகத்திலிருந்த பையன் மறைந்துபோனான். கீழே மூச்சு இழுபடுவது மாடிவரை கேட்டது. இருமல் இன்னொரு முறை வந்தால் வேலப்பனைக் கூப்பிட வேண்டியதுதான் என்று நான் போனை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நீரும் பார்த்தீர் இல்லையா?" என்றார் மெதுவாக.

பார்த்தேன் என்றேன். அது போதும் என்பதுபோல் தலையாட்டினார். தெர்மாமீட்டரைக் கொக்கியிலிருந்து கழற்றினார். இத்தனை வருஷத்தில் அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. இதோ வந்தேன் என்று கீழே குரல் கொடுத்தார். அடிக்குமிழை உள்ளங்கைகளுக்குள் பொத்தி வாயருகே கொண்டுபோய், அதன்மேல் நீளமாக மூச்சு விட்டார். நிறுத்தி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் மூச்சு விட்டபடியே, ஆடும் படியைத் தாண்டி, கீழே இறங்கினார்.