கோலப்பனின் முதுகு

“தம்பி, ஒரு சட்டம் வாறதுக்கு முந்தி செஞ்ச காரியத்துக்கு அந்தச் சட்டம் அடிக்குமா? நீ படிச்ச பிள்ளைதான, சொல்லு” என்று பிச்சம்மாள் கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அவள் புருஷன் கோலப்பன் லாக்கப்பில் கிடந்தான்.

கோலப்பன் வள்ளியூர்க்காரன். மீசை முளைக்கும் முன்பே திருவனந்தபுரத்துக்கு வந்து சாலைக் கம்போளம் என்ற சந்தையில் மூட்டை தூக்கியவன். அரிசி மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுத்து, ஒரே தள்ளில் முதுகில் ஏற்றுவான். வீட்டுக்கு வேண்டிய எல்லாம் அந்த முதுகிலிருந்துதான் வந்தன. கோபம் வந்தால் மட்டும் கை அவன் சொல்லைக் கேட்காது.

அன்று ஒரு வண்டியை யார் இறக்குவது என்று சண்டை. மலையாளத்துச் சுமைக்காரர்களின் தலைவன் தங்கப்பன் முன்னால் வந்து நின்றான்.

“எந்தாடா பாண்டி, வண்டி உன் அப்பன்டெ வகையா?”

“எங்கப்பன் வண்டியா இருந்தா உன்னைய மாட்டுக்குப் பதிலா பூட்டியிருப்பேன்” என்றான் கோலப்பனின் கூட்டாளி பகவதிப்பெருமாள்.

சிரிப்பு அடங்கவில்லை. தங்கப்பன் வண்டியின் முளைக்கம்பை உருவிப் பகவதிப்பெருமாளின் வாயில் அடித்தான். பற்கள் உதிர்ந்து, சிந்தியிருந்த அரிசியில் ரத்தம் ஊறியது. மறு அடி விழுமுன் கோலப்பனின் கொக்கி தங்கப்பனின் உள்ளங்கையில் ஏறியது. அவன் கையை இழுக்க, இவன் கொக்கியை இழுக்க, இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

கோலப்பன் ஊருக்கு ஓடினான். தங்கப்பன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாட்டு வைத்தியனிடம் கட்டுப்போட்டுக்கொண்டான். பழிக்குப் பழி வாங்கக் காத்திருந்தானே தவிர, போலீஸிலும் உடனே சொல்லவில்லை. அதற்குள் பழவங்காடி முக்கில் சர்க்கார் விளம்பரம் ஒன்று ஒட்டினார்கள். மலையாளச் சிங்க மாதம் ஒன்றாம் தேதி முதல், சந்தையில் ஆயுதத்தால் காயப்படுத்துகிறவனுக்குச் சிறையோடு சவுக்கடியும் உண்டு.

பிறகு தங்கப்பன் புகார் கொடுக்க, போலீஸார் கோலப்பனைப் பிடித்தார்கள். கவிழ்த்துப் போட்டுப் பிரம்பால் அடித்தார்கள். ஒருவன் பூட்ஸ் காலால் அவன் கழுத்தை மிதித்துக்கொண்டான்.

“என்று குத்தினாய்?”

“ஆவணி ஒண்ணு, ஏமானே.”

ஹெட் கான்ஸ்டபிள் ‘சிங்கம் ஒன்று’ என்று எழுதினார். இரண்டும் ஒரே மாதம்தானே என்பது அவர் நினைப்பு. கோலப்பனின் கூட்டாளிகளும் ஆவணி ஒன்று என்றே சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை. எல்லோரும் திருநெல்வேலிக் கணக்கில் வளர்ந்தவர்கள்.

பிச்சம்மாள் வக்கீல் சேஷனிடம் அழுதாள். “ஜெயிலு போகட்டும் சாமி. சவுக்கு விழுந்தா அந்த முதுகு இனி மூட்டை தாங்குமா?”

சேஷன் யோசித்தார். அந்த வருஷம் சங்கிரமம், அதாவது சூரியன் சிங்க ராசிக்குள் புகும் நேரம், பிற்பகலில் வந்தது. அப்படி வந்தால் நம் மாதம் அன்றே பிறக்கும். மலையாள மாதம் மறுநாள்தான். நம் ஆவணி ஒன்று அவர்களுக்குக் கர்க்கடக மாதத்தின் கடைசி நாள்; அந்த மாதம் முழுவதும் அவர்கள் வீடுகளில் ராமாயணம் வாசிப்பார்கள். ஆனால் இதைக் கோர்ட்டில் தங்கப்பனைத் தவிர வேறு யார் சொன்னாலும் எடுபடாது என்று அவருக்குத் தெரிந்தது.

விசாரணை நாளில் நானும் போனேன். சேஷன் தங்கப்பனிடம் தேதியே கேட்கவில்லை.

“அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் ராமாயணம் வாசித்தார்களா?”

தங்கப்பனுக்குக் கோபம் வந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “எங்ஙனெ வாசிக்கும்? மாசம் முழுக்க வாசிச்சு, அன்னைக்கு முடிக்கேண்ட நாள். ரத்தம் கண்டு அம்மை மயங்கி வீணு. அடுத்த நாளு சிங்கம் ஒண்ணு, எல்லாரும் கோயிலுக்குப் போயி. ஞான் பாயில கிடந்நு.”

குத்து விழுந்த நாளில் சவுக்கடிச் சட்டம் பிறக்கவில்லை, குற்றம் செய்த நாளில் இருந்த தண்டனைதான் கொடுக்க முடியும் என்றார் மாஜிஸ்டிரேட். பழைய சட்டப்படி சிறை மட்டும் விதித்தார்.

வெளியே தங்கப்பன் பிச்சம்மாளை மறித்தான். “உன் ஆளுடெ முதுகு தப்பிச்சு. என் விரலோ?”

அப்போதுதான் அந்த வழியாகக் கோலப்பனை அழைத்துப் போனார்கள். சட்டை ஒட்டியிருந்த இடமெல்லாம் சீழ். அவனால் நிமிர முடியவில்லை. அந்த அடிக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதியில் வந்தது என்று உள்ளே ஒருவரும் கேட்கவில்லை.

சிறையிலிருந்து வந்தவன் பிறகு மூட்டை தூக்கவே இல்லை.

பிச்சம்மாள் கேட்டதற்கு இப்போது எனக்குப் பதில் தெரியும்: அடிக்காது, அடிக்கக் கூடாது. படிக்கத் தெரியாத சுமைக்காரர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். அவர்களும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.