ஜீரோ வாட்

கோவில்பட்டியில் நான் வாடகைக்கு இருந்த மாடிக்கும் கீழே இருந்த வீட்டுக்காரருக்கும் ஒரே கரண்ட் மீட்டர். அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தடித்த கழுத்து நிறையப் பவுடர். தினமும் மீட்டர் முன் குத்தவைத்து, சக்கரம் சுற்றுவதை முறைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என் டிவியின் சிவப்புப் புள்ளிதான் கரண்டைக் குடிக்கிறது என்று பிளக்கைப் பிடுங்கினார். பிறகு இரண்டு வீட்டிலும் ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்தார். சக்கரம் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க சாமி ரூம்ல பல்பு எரியுதே?"

"அது ஜீரோ வாட்டு தம்பி. ஜீரோன்னா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்? படிச்சிருக்கீய, இதுகூடத் தெரியாதா?"

நான் போய் அதை அணைத்தேன். சக்கரம் நின்றது.

"சாமி வெளக்கை அணைச்சீயல்லா? இப்பம் மீட்டரே ரிப்பேராயிட்டு!" என்று கத்தினார்.

பெட்டிக்கு எத்தனை குச்சி குறைத்தால் யாருக்கும் தெரியாது என்று அறிந்த மண்டையில் இது ஏன் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.