கழுத்தில் தொங்கிய நல்ல வார்த்தை

யாராவது என்னைப் புகழ ஆரம்பித்தால் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். சோற்றைப் பிசைந்துகொண்டே மருமகள் "உங்க கைமணம் யாருக்கு வரும்" என்று சொன்னால்கூட, அங்கே ஒரு சணல் கயிறு உறுத்துவது போல இருக்கும். காரணம் அவளுக்குத் தெரியாது. பாதி அது ஒரு வாத்தியார் செய்த வேலை. மீதி என் அம்மா செய்த வேலை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் நான்.

நாங்கள் இருந்தது மலாயாவில், லாபிஸைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் பள்ளிக்கூடம். முன்பு இருந்த கிழ வாத்தியார் வாயால் பேசியதைவிடப் பிரம்பால் பேசியதுதான் அதிகம். எங்களுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அடி விழும், அழுவோம், முடிந்துபோகும். அவர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு ஓர் இளம் வாத்தியார் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பிள்ளைகளின் மனசு வாடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வந்த அன்றே பழைய பிரம்பை எங்கள் முன்னால் முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தார். பிரம்பு ஒடியுமா? வளைந்து திரும்பி அவர் மூக்கிலேயே ஒன்று வைத்தது. நாங்கள் சிரித்துவிட்டோம். மனிதர் கோபப்படவே இல்லை. மூக்கைத் தடவிக்கொண்டு பிரம்பைக் கொண்டுபோய்க் கானில் ஓடிய தண்ணீரில் எறிந்தார்.

"இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல நல்ல வார்த்தை மட்டுந்தான்" என்றார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பிச்சை, மண்ணாங்கட்டி, குப்பாயி என்று வர வர அவர் முகம் சுண்டிப்போயிற்று. குப்பாயி நான்தான். எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேரும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார்கள். ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஒரு செம்மண் மேடு உண்டு. அங்கேதான் அவர்களைப் புதைத்திருந்தார்கள். மூன்றும் அத்தனை அழகாம். லயமே தூக்கிவைத்துக் கொஞ்சியதாம். அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னைக் கொண்டுபோய் லயத்துக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில் கிடத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை பொறுக்கியெடுத்து, ஒரு முறம் தவிட்டுக்கு என்னை அம்மாவிடமே விற்றாள். குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு வாங்கியதை, எமன்கூடச் சீந்தமாட்டான் என்பது நம்பிக்கை. பெயர் அப்படி வந்தது. அம்மா என்னைக் கொஞ்சி நான் கேட்டதே கிடையாது. மூதேவி, சனியன், கழுதை. சாப்பிடக் கூப்பிடுவதுகூட இப்படித்தான்.

இந்தக் கதை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் "குப்பை வண்டி வருது, ஒதுங்குடா" என்று பையன்கள் மூக்கைப் பொத்தும்போது கதை என்ன உதவும்?

வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். "குப்பாயி இல்ல. இன்னையிலேருந்து நீ முத்துலட்சுமி" என்றார். மண்ணாங்கட்டி மாணிக்கம் ஆனான். சீனர் கடையிலிருந்து பிஸ்கட் பெட்டி அட்டைகளை வாங்கிவந்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு நல்ல வார்த்தையும் எழுதி, சாக்குச் சணலில் கோத்து எங்கள் கழுத்தில் மாட்டினார். காலையில் பாடம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் எழுந்து தன் அட்டையை உரக்கப் படிக்க வேண்டும். மாணிக்கம் கொட்டாவி விட்டுக்கொண்டே "நான் சுறுசுறுப்பான பிள்ளை" என்று படிப்பான். வீட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டு போக வேண்டும். பெற்றவர்களும் பார்த்துப் பூரிக்க வேண்டுமாம். அந்த வெயிலில், அந்த வியர்வையில், சணல் கழுத்தை அறுத்ததை யாரிடம் சொல்வது?

என் அட்டையில் இருந்தது இதுதான்: முத்துலட்சுமி. அழகும் அறிவும் உடைய பிள்ளை.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முத்துலட்சுமி, முத்துலட்சுமி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயரைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அழகும்" என்று அடுத்த வார்த்தையைத் தொடங்கினார். அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். மறுகணம் அட்டை அடுப்பில் இருந்தது. உப்பையும் மிளகாயையும் எடுத்து என் தலையைச் சுற்றி, அதையும் அடுப்பில் போட்டாள்.

"பாத்தீங்களா, நெடியே வரல! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. இந்த ஆளு கண்ணு படுறதுக்குன்னே எழுதி, எம்புள்ள கழுத்துல மாட்டி விட்டிருக்கானே!"

மறுநாள் வாத்தியார் வேறு அட்டை எழுதினார். அதுவும் அடுப்புக்குப் போயிற்று. அவர் சளைக்காமல் இன்னொன்று எழுதினார். அம்மா என் கன்னத்தில் சட்டிக் கரியை எடுத்துப் பொட்டாக வைத்து அனுப்பினாள். "முகம் சுத்தமா இருக்கணும், முத்துலட்சுமி" என்று அவர் ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த நாள் பொட்டு பெரிதானது. அதற்கடுத்த நாள் பாதிக் கன்னமே கரி. எனக்கு இருந்தது ஒரே முகம். அதை ஒருவர் பூச, ஒருவர் துடைக்க, தோல் எரிந்ததுதான் மிச்சம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பாவோ அம்மாவிடம் "வாத்தியார் படிச்சவரு" என்பார், என்னிடம் "அம்மா சொல்றதக் கேளு" என்பார், பிறகு விறகு பிளக்கப் போய்விடுவார்.

இந்த நேரம் பார்த்து எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் வரவில்லை? மாணிக்கத்துக்கும் வந்தது, கங்காணி மகனுக்கும் வந்தது. அதெல்லாம் அம்மாவின் காதில் ஏறுமா? வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே கிடந்தாள். கண் திறந்தபோதெல்லாம் அவள் முகம்தான் தெரிந்தது. "எந்திரிடி குப்பை. கஞ்சி குடிடி குப்பை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் கரகரத்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடும்போதாவது வேறு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது.

காய்ச்சல் விட்டதும், பள்ளிக்கூடம் இனி இல்லை என்றாள் அம்மா. புல் பிடுங்கப் போகட்டும் என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. வாத்தியார் லயத்துக்கே வந்து வாசலில் நின்று கெஞ்சினார். அப்பா அதிசயமாக வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னார். கடைசியில் அம்மா இறங்கிவந்தாள்.

"அனுப்புறேன். ஆனா எம்பொண்ணு பேரு என்னான்னு நான் தினமும் வந்து சொல்லிட்டுத்தான் போவேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். விடியற்காலையில் மரம் சீவி முடித்த பிறகு, கோப்பைகளில் பால் சொட்டி நிறையும் வரை வெட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போடுவார்கள். என் அம்மா வேர்வையும் கொசுக்கடியுமாக அத்தனை தூரம் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் வந்து, "ஏ குப்பாயி! அடி குப்பை!" என்று கத்திவிட்டு வந்த வழியே போவாள். அதுவும் சரியாக நாங்கள் எழுந்து அட்டையைப் படிக்கிற நேரத்தில். வாத்தியார் உள்ளே நல்ல வார்த்தை ஊட்டுவார், அம்மா வெளியே இருந்து அதைப் பிடுங்குவாள். வகுப்பே அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கூடம் பார்க்க வந்தார், கூடவே கணக்கெழுதும் கிராணியும். வாத்தியார் எங்களுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். மாணிக்கம்கூடக் கொட்டாவி விடாமல் படித்துவிட்டான். அடுத்தது நான். எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "என் பெயர் முத்துலட்சுமி. நான் அழகும் அறிவும்" என்றேன்.

"ஏ குப்பாயி! குப்பை! மூதேவி!"

கூரை அதிரச் சிரித்தார்கள். துரை என்னவென்று கேட்டார். கிராணி இங்கிலீஷில் சொன்னார். துரையும் சிவந்த முகம் இன்னும் சிவக்கச் சிரித்தார். நான் அப்படியே உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அம்மாவை நான் வெறுத்தேன்.

துரை போனதும் வாத்தியார் விடுவிடுவென்று வெளியே போனார். அம்மா திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். மறித்து நின்றார். கொட்டகைக்குச் சுவர் இடுப்பளவுதான், அதனால் எல்லாம் கேட்டது.

"ஏம்மா, பெத்தவங்களே இப்படிப் பண்ணலாமா? பிள்ளை மனசு நோகாதா?"

"நோவட்டும் வாத்தியாரே" என்றாள் அம்மா. "நோவுறதுக்கு அது இருக்கணுமில்ல?"

அவர் ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே வந்தார். என் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றித் தன் மேசைக்குள் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டும் போட்டுக்க" என்றார். அவருக்கும் ரோசமில்லையே, இப்படித் தோற்றுப்போய் வருகிறாரே என்று அவர்மேலும் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலை நேரம் நெருங்கியதும், இன்று அவள் வரும்போது முறைத்துவிடுவது என்று அரைச்சுவர் ஓரமாகப் போய் நின்றேன். இத்தனை நாளும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டதால் அவளை நான் பார்த்ததே இல்லை. அம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி, மரங்களுக்கு அப்பால் அந்த மூன்று பேரைப் புதைத்த செம்மண் மேட்டைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "குப்பை! இது வெறும் குப்பை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இருக்கிறது, நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறாளே, ஆளே இல்லாத அந்த மேட்டில் யாருக்குக் கேட்க வேண்டுமாம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.