கசங்காத வெள்ளைச் சட்டை

எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தபோது என் பேத்தி நாலாம் வகுப்பு. சேலையூரில் வீடு. மருமகள் டிவிக்கு ஃபிரில் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி அலங்காரம் செய்யமாட்டார்கள். மகனும் மருமகளும் காலையிலேயே ரயில் பிடித்து வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளும் நானும்தான். நான் இல்லாதபோது டிவி போடுகிறாளா என்று பார்க்க, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போகும்போது உறையின் இடது முனையை மட்டும் உள்ளே மடித்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் வலது முனை மடிந்திருக்கும். கேட்டால், "காத்துல மடிஞ்சிருக்கும் ஆயா" என்பாள். ஜன்னல் சாத்தியிருக்கும்.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் செம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஏன் சாய்த்தார் என்று யோசிப்பேன். எங்கள் தெருவில் மட்டும் குழாயை மெதுவாகத் திறக்கிறார் என்று லாரிக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் பேத்தி விஷயத்தில் எனக்குக் கவலையைக் கிளப்பியது டிவி இல்லை, தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டு.

கிண்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. "என்னால முடில ஆயா." முட்டி தேய்ந்த கிழவி நான் மேலே நிற்கிறேன், ஒன்பது வயசுப் பெண் கீழே உட்கார்ந்திருக்கிறாள். ரயில் போயே போய்விட்டது. மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம் பிடித்து, எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நோய் ஒண்ணும் இல்லம்மா. உக்காந்தே இருக்கா, அதான். தினமும் ஓடி ஆடணும். இப்படியே வுட்டா சின்ன வயசுலயே பெரியவங்க வியாதியெல்லாம் வந்து நிக்கும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே ஓடுவாள்? சைக்கிள் ரிக்‌ஷா வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய், வாசலிலேயே இறக்கிவிடுகிறது. தெருவில் விளையாடலாம் என்றால் காலி மனையெல்லாம் ஜல்லியும் கம்பியும். மருமகள்தான் தைரியம் சொன்னாள்: "ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் பி.டி. இருக்கு அத்தை. நல்லா ஓட வெப்பாங்க."

நான் நம்பவில்லை. பி.டி. நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஸ்கர்ட், கேன்வாஸ் ஷூ. துவைக்கிறவள் நான். எதிர்வீட்டுக் கொடியில் காயும் அதே பள்ளிக்கூடத்து வெள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை நீலம் போட்டாலும் செம்மண் கறை முழுசாகப் போகாது. எங்கள் வீட்டு வெள்ளையோ இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும். "எவ்ளோ சுத்தமா வெச்சுக்கிறா பாருங்க" என்று மருமகள் பூரித்தாள். நான் சட்டையின் கக்கத்தை முகர்ந்து பார்த்தேன். வேர்வை வாடையே இல்லை. ஷூவின் அடிப்பாகத்தைக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். ஒரு சிட்டிகை மண் வரவில்லை.

"பி.டி. பீரியட்ல உள்ள உக்கார வெச்சு கணக்கு போடச் சொல்றாங்களாடி?"

"இல்ல ஆயா. ஓட வுடுறாங்க."

"ஓடினவ சட்டை இப்படியா கீது?"

"நான் நைஸா ஓடுவேன் ஆயா."

பள்ளிக்கூடம்தான் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். அடுத்த பி.டி. நாளில் சாப்பாட்டுக் கூடையோடு முன்னதாகவே போய் நின்றேன். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"பெல் அடிக்க இன்னும் எவ்ளோ நேரம் கீது. இன்னா ஆயா, இப்பவே வந்துகினே?"

"சோறு ஆறிப்பூடும்பா, வுடு."

"அதான் கூடையில எடுத்துகினு வந்துட்டியே, உள்ள வுட்டா மட்டும் ஆறாதா?"

மனுஷன் நியாயமாகத்தான் கேட்டார். ஆனாலும் விட்டார். உள்ளே மைதானத்தில் பிள்ளைகள் புழுதி பறக்க ஓடுகிறார்கள். மரத்தடியில் நியூஸ்பேப்பர் விரித்து, நாற்பது வாட்டர் பாட்டில்களுக்கு நடுவே, கோயில் உண்டியலுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் எங்கள் வீட்டு மகாராணி.

நேராக பி.டி. மாஸ்டரிடம் போனேன். மீசை சரியாக முளைக்காத வாத்தியார், கழுத்தில் விசில். "இன்னா சார் இது? எம் பேத்தி இன்னா பாட்டிலுக்குக் காவல் காக்கவா ஸ்கூலுக்கு வருது?"

"நீங்கதானம்மா லெட்டர் குடுத்து அனுப்புனீங்க?"

"லெட்டரா? எனக்கு எழுதவே தெரியாதே!"

ரிஜிஸ்டருக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவி அவர் படித்தார்: "என் பேத்திக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தயவுசெய்து ஓடவிட வேண்டாம்." பிறகு திருப்பிக் காட்டினார். "கீழ உங்க ரேகை இருக்கே, பாருங்க."

இருந்தது. என் கட்டை விரலேதான். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் பேத்தி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிகினு போறாங்க ஆயா, வூட்ல பெரியவங்க ரேகை வெக்கணும்" என்றாள். அவளே பேனா மையை என் விரலில் தடவினாள். பத்திர ஆபீசில் வைப்பது போல உருட்டி வைத்தேன்; அழகாக விழுந்தது என்று எனக்குப் பெருமை வேறு. அப்பா அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், அதனால் அவர்களிடம் போகவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் அந்த ஒரு காகிதத்தை மட்டும் யாரிடமும் காட்டிக் கேட்கவில்லை. இந்தக் கதையைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் விடமாட்டேன்.

மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். "ஏன்டி இப்படி பண்ணே?"

தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். "நான்தான் கடைசியா வர்றேன். 'ரோடு ரோலர் வருது, ஓரம் போ'ன்னு எல்லாரும் கத்துறாங்க ஆயா."

முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஆனால் டாக்டர் சொன்னதும் காதில் கேட்டது. "கத்தட்டும். ரோடு ரோலருக்கு அவசரம் இன்னா? மெதுவாப் போனாலும் ரோட்டை முடிச்சுட்டுத்தான் நிக்கும். எழுந்திரு."

"லெட்டரை வாபஸ் வாங்க வேற லெட்டர் வேணும்மா" என்றார் மாஸ்டர்.

"லெட்டர் இன்னாத்துக்கு சார்? ரேகை வெச்ச விரலோட நானே நிக்கிறேனே."

அவர் சிரித்துவிட்டு, "ஒரே ஒரு சுத்து. முடியலன்னா நட, ஆனா உக்காரக் கூடாது" என்று விசில் அடித்தார். பேத்தி கிளம்பினாள். எனக்கு அப்போதும் சந்தேகம். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மாஸ்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதன் பின்பக்கம் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்து தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நினைத்தபடியே வந்தாள். தொட்டி மறைத்ததும் நின்று, சுவரில் சாய்ந்து உட்காரப் போனாள்.

"இன்னாடி?" என்றேன்.

"ஐயோ ஆயா! நீ இங்க இன்னா பண்றே?" என்று எடுத்தாள் பாருங்கள் ஓட்டம்! எதிரே சில பிள்ளைகள் கத்தத்தான் கத்தினார்கள். காதில் வாங்க அவளுக்கு நேரமில்லை. நான் பின்னாலேயே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சுற்றை முடித்துவிட்டு வந்து குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். அதுவும் நடிப்போ என்னவோ என்று அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். தடதடவென்று அடித்தது. வேர்வையில் என் உள்ளங்கை நனைந்துவிட்டது. பொய்யில்லை.