ஒரு செம்புத் தண்ணீருக்கு ஒரு கட்டு விறகு

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்துப்போய், கரண்டு வெட்டு வந்து, தூத்துக்குடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த சமயம். மாப்பிள்ளையூரணிக்குப் போகிற சாலையில் அப்போது நான் விறகுக்கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. நானும் மனைவியும்தான். பிள்ளை கொடுக்கவில்லையே என்ற குறையை முருகனிடம் விட்டுவிட்டு, காலையில் திருநீறு பூசிக்கொண்டு கடையைத் திறப்பேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. எந்த விறகு நின்று எரியும், எது புகையும் என்பது தெரியும். அதைக் கொண்டு பிழைப்பு ஓடியது.

அந்த வருஷம் என் மாமனாரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் நெல் போட்டுப் பிழைத்தவர். மாமியார் முன்பே போய்விட்டார். என் மனைவிதான் அவருக்கு ஒரே மகள். மகள் வீட்டில் போய் உட்காருவதா என்று நெடுநாள் வராமலே இருந்தார். கால் இரண்டும் வீங்கி, நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் வந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உப்பு ஆகாது. சோற்றில், குழம்பில், மோரில் எதிலும் ஆகாது. உப்பு சேர்ந்தால் நீர் இறங்காது, மூச்சு முட்டிவிடும்.

வீட்டுக்குத் திரும்பி வந்து அவரைக் கட்டிலில் படுக்கவைத்தோம். மனைவி அடுப்படி வாசலில் நின்றாள்.

"சோத்துல உப்பு போட மாட்டேன், சரி. தண்ணியிலயே கெடக்கே. அதை எப்படிங்க எடுக்கது?"

அவள் கேட்டது நியாயம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய்தான். குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். ஆற்றிலிருந்து அதை இழுத்து இவ்வளவு தூரம் தள்ளுவதற்குக் கரண்டு வேண்டும். கரண்டு இல்லாத நாளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

மாமனார் கட்டிலில் கிடந்தபடி இதைக் கேட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கு மேக்க பாபநாசத்துல அணை இருக்கு மாப்ள. அணையில தண்ணி இருந்தாத்தான் கரண்டாம். கரண்டு இருந்தாத்தான் இங்கன தண்ணியாம். செக்குமாடு சுத்துன மாதிரில்லா இருக்கு."

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. பிறகு எப்போது வரும் என்றே சொல்ல முடியாமல் போயிற்று. மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விற்கிறவர் இறைக்கிற கிணறும் வற்றி, கரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் தகர டின்னை எடுத்துக்கொண்டு மாமனார் ஊருக்கே பஸ் ஏறினேன். ஆற்றில் மணல்தான் கிடந்தது. ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு நிரப்பினேன். திரும்பும்போது கண்டக்டர் டின்னைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஆத்துக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சா?"

பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் டீசல் தட்டுப்பாடு வந்து அந்தப் பக்கம் போகிற பஸ்ஸையும் குறைத்துவிட்டார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஒரு டின் தண்ணீருக்காகப் பகல் முழுக்க ரோட்டில் நிற்க முடியவில்லை. அவரை ஊருக்கே அனுப்பலாம் என்றால், அங்கே கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை.

அப்போதுதான் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். இட்லி அவிக்கும்போது மூடியில் முத்து முத்தாக நிற்கிற நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறாள். கொப்பரைக்குள் கொதிக்கிறது கிணற்றுத் தண்ணீர். மூடியில் நிற்பதில் உப்பில்லை.

பெரிய குண்டானில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணம். குண்டான் வாயில் அடி உருண்ட சட்டி ஒன்றை உட்காரவைத்து, அதில் பச்சைத் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் ஈரத் துணியால் அடைத்தாள். அடுப்பு எரிய எரிய, ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. மேலே இருக்கிற தண்ணீர் சுட்டால் மாற்ற வேண்டும். கீழே தீ அணையக் கூடாது. ஒரு கட்டு உடைமர விறகு எரிந்து முடிந்தால் ஒரு செம்பு தேறும். மாமனாரின் ஒரு நாள் கஞ்சிக்கும் மாத்திரைக்கும் அது போதும்.

விறகுக்கடைக்காரன் வீட்டில் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவள் கண் சிவந்து, முகம் கருத்துப்போயிற்று. நான் போய் அடுப்படியில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள். "நீங்க தீயைக் கூட்டிருவிய. மெதுவா எரியணும்." வீக்கம் கொஞ்சம் வடிந்தது. சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை வந்தார் மாமனார். செந்தூரான் கண் திறந்துவிட்டான் என்று அன்றைக்குச் சூடம் ஏற்றினேன்.

அது மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். ஊருக்கு வெளியே உடைமரம் அடர்ந்த உடங்காட்டுக்குள் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று போலீஸ் அலைந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ பகல் முழுக்கப் புகை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் கடைக்குள் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, நெத்தியில பட்டை போட்டுருக்கிய, பின்னால புகையுதே. என்ன காய்ச்சுதிய?"

"மாமாவுக்குக் கஞ்சி வைக்க, கிணத்துத் தண்ணியக் காய்ச்சி உப்பை எடுக்கோம் ஐயா."

"நானும் எத்தனையோ கதை கேட்டுட்டேன். இது புதுசா இருக்கு."

நேராக அடுப்படிக்குப் போனார். குண்டான், மேலே சட்டி, சுற்றிலும் துணி. சாராயம் வடிக்கிறவர்கள் வைத்திருக்கிற அதே அமைப்பு. பக்கத்தில் அன்றைக்கு வடித்த தண்ணீர் செம்பில் இருந்தது. எடுத்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. அவருக்கு அது போதவில்லை. சரக்கு என்றால் தீயில் ஊற்றினால் பற்றும். அதுதான் அவர்களுக்குச் சோதனை. மனைவி "ஐயா, ஐயா" என்று எழுந்திருப்பதற்குள் செம்பை அடுப்பில் கவிழ்த்துவிட்டார்.

தீ பற்றவில்லை. சுர்ரென்று அணைந்து, சாம்பல் பறந்தது.

உள்ளேயிருந்து மாமனார் குரல் வந்தது. "யாரு தாயி அது?"

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் நீட்டியிருந்த கால்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "அழுத்திச் சொல்லிருக்கலாமே அண்ணாச்சி," என்றார், மெதுவாக.

"இவிய முதல்லயே சொன்னாவல்லா," என்றாள் மனைவி. நனைந்த சாம்பலை வாரத் தொடங்கினாள். அவர் அங்கே நிற்க முடியாமல் போய்விட்டார்.

அடுப்பை மறுபடி மூட்டி ஒரு செம்பு வடிப்பதென்றால் மறுநாள் ஆகும். மாமனாரோ மத்தியானமும் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் நாலு வீடு கேட்டேன். எல்லோரிடமும் வண்டித் தண்ணீர்தான், கரிக்கிற தண்ணீர்.

"விடுளா. ஒரு வேளைதானே. கிணத்துத் தண்ணியிலயே வையி," என்றார் அவர்.

அவள் அழுதுகொண்டே வைத்தாள். அவர் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அடேயப்பா, எம்புட்டு நாளாச்சி. இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் அடுப்பைப் பழையபடி எரித்தாள், பழையபடி செம்பும் நிறைந்தது. ஆனால் வீக்கம் வயிறுவரை ஏறிக்கொண்டே போனது. டாக்டர் வந்து பார்த்தார். அந்த ஒருவேளைக் கஞ்சியால் வந்ததில்லை, இருதயம் முன்பே தளர்ந்துவிட்டது என்று அவளிடமே சொன்னார். அவள் காதில் அது ஏறவில்லை. ஒரு காலையில், சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே அடங்கிவிட்டார்.

அன்றைக்கும் கரண்டு இல்லை. குளிப்பாட்டுவதற்கான தண்ணீரைச் சடங்கோடு கொண்டுவர, நீர்மாலை எடுக்க வேண்டும். அவருக்கு மகன் இல்லாததால் நான்தான் குடம் எடுத்தேன். சொந்தக்காரர்கள் மேலே வேட்டியை விரித்துப் பிடித்துக்கொள்ள, எங்கள் கிணற்றுக்கே போய்க் குடத்தை நிரப்பி, சுற்றி வந்தோம். வாசலில் அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணியா?"

ஊரிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் சொன்னார்: "போன உசுருக்கு உப்பு என்ன தாயி செய்யும். வழி விடு."

விட்டாள். அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம். வெயிலில் உடம்பு காயக் காய, வீங்கியிருந்த பாதங்களில் கோடு கோடாக வெள்ளையாகப் பூத்தது. அவள் கால்மாட்டில் உட்கார்ந்து முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் திரும்பவும் பூத்தது. திரும்பவும் துடைத்தாள். தூக்குகிறவர்கள் வந்து நிற்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.